ஆத்தா சொன்னால்தான் ஊசி

சென்ற மாதக் கூட்டத்தில் எங்கள் டாக்டரம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். சடையங்குப்பத்தில் என் பொறுப்பில் இருக்கும் தெருக்களில் ஒரு கர்ப்பிணிகூடத் தடுப்பூசி போடாமல் விடுபடவில்லையாம். மற்ற நர்ஸுகள் கைதட்டினார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் மட்டும் தட்டியிருக்க மாட்டாள். அவள் ஏரியாவில் பாதிப் பேர் கதவையே திறப்பதில்லை.

"எப்படிச் செஞ்சீங்கன்னு மத்தவங்களுக்கும் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"திரும்பத் திரும்பப் போய்ப் பேசினேன் மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பேசினது உண்மைதான். தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறேன். ஆனால் என் பேச்சைக் கேட்டு அந்தத் தெருவில் யாரும் கையை நீட்டவில்லை. அவர்கள் கேட்பது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் பேச்சை. செவ்வாயும் வெள்ளியும் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. தலைக்குக் குளித்து, மஞ்சள் பாவாடை கட்டி, வேப்பிலைக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு தன் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் போய், ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். போட்டுக்கோ என்பாள். மறுநாளே என்னைத் தேடி வந்துவிடுவார்கள்.

அவளை அங்கே உட்கார வைத்தது அவளுடைய அம்மா. அதற்கு வழி போட்டுக் கொடுத்தது நான்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடித்தால் எழுந்து பூசைக்குப் போகிற வீடு எங்களுடையது. நர்ஸிங் படித்து மாநகராட்சி சுகாதார மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, பல ஏரியா சுற்றி, கடைசியில் மணலி பக்கம் வந்து விழுந்தேன். சடையங்குப்பம் தாழ்ந்த இடம். மற்ற ஊரில் தூறல் என்றால் இங்கே முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் அது நின்ற கோடு நிற்கும். ஆலைகளின் நாற்றம் காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து வரும், போகும். அங்கே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. எனக்கும் இப்போது தெரிவதில்லை.

என் வேலை, ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டு முடிக்கிற வரை விடாமல் பின்னாலேயே போவது. முதல் வேலை ரணஜன்னி என்கிற டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசி. ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அம்மா உடம்பில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்விடும், பிறந்து கொஞ்ச காலத்துக்கு அதுதான் அதற்குக் காவல். இதை நான் எத்தனை வாசலில் நின்று சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொரோனாவுக்கு முன்னால் இவ்வளவு தகராறு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். அந்த ஊசிக்குப் பிறகு எந்த ஊசியைப் பார்த்தாலும் சந்தேகம். என் தலை தெருமுனையில் தெரிந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மகராசிகள் உண்டு. வெளியே நின்று நான் கத்துவேன், உள்ளே குழாயைத் திறந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் அக்கா தாய் வீட்டுக்கு வந்தாள். திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிக்குத் தகடு ஏற்றும் வேலை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, பேறுகாலத்துக்கு அம்மாவிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இந்த வழக்கத்தால் எங்களுக்கு எப்போதும் பேஜார். முதல் ஊசி ஒரு நர்ஸின் ஏரியா, இரண்டாவது ஊசி இன்னொரு நர்ஸின் ஏரியா. அவள் போட்டிருப்பாள் என்று இவளும், இவள் போடுவாள் என்று அவளும் இருந்துவிடுவார்கள். திருவொற்றியூர் நர்ஸ் நல்லவள், எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இரண்டாவது ஊசி பாக்கி என்று ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. உள்ளேயிருந்து அம்மாக்காரி குரல் கொடுத்தாள்.

"அங்கியே நில்லு நர்ஸம்மா. ஆத்தா வந்துகீறா."

"யாருக்கு?"

"சின்னவளுக்கு. மூஞ்சி, முதுவு, எல்லாம் முத்து போட்டுகீறா."

எட்டிப் பார்த்தேன். ஒரே அறைதான் வீடு. தரையில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு, சின்னவளைப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கி, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. சின்னம்மைதான், பார்த்ததுமே தெரிந்தது. அவளை ஒட்டி உட்கார்ந்து ஒருத்தி வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். முன்கை நிறையக் கண்ணாடி வளையல். மடியை நிறைத்துக்கொண்டு வயிறு.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சின்னம்மை வந்தால் விளையாட்டில்லை. நுரையீரலில் இறங்கிவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். பேறுகாலத்தை ஒட்டி வந்தால் பிறந்த பிள்ளைக்கும் ஆபத்து.

"பெரியவளுக்குச் சின்ன வயசுல அம்ம வந்துகீதா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு வரவேயில்ல. அவ மேல ஆத்தாவுக்கு எப்பவும் கிருப" என்றாள் அம்மா பெருமையாக.

அங்கேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். வராதவள் என்றால் இன்றைக்கே கூட்டி வாருங்கள் என்றார். ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதற்கு ஒரு மருந்து ஊசி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டும், ஆனால் அம்மைக்காரியோடு பழக ஆரம்பித்துப் பத்து நாளுக்குள் போட்டால்தான் பிரயோஜனம். சின்னம்மைக்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் அரசாங்கம் போடுகிற ஊசிகளில் அது இல்லை. அப்படியே இருந்தாலும் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. அதனால் வேறு வழியில்லை, இந்தப் பெண்ணை இந்த அறையை விட்டுக் கிளப்ப வேண்டும்.

அம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி ஊத்துற வரைக்கும் வூட்டுல கீறவங்க வெளிய போவக் கூடாது நர்ஸம்மா. நடுவுல எழுந்து போனா ஆத்தாவ அவமானம் பண்ண மாதிரி. போறவளத்தான் மொதல்ல புடிப்பா."

"புடிக்கக் கூடாதுன்னுதான் இட்டுகினு போறேன்றேன்."

"உனக்கு அதெல்லாம் தெரியாது. நீ வேதக்காரி."

பெரியவளைப் பார்த்தேன். அவள் படித்தவள், பிளஸ் டூ வரை போனவள். "நீயாவது சொல்லேன்மே" என்றேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் போயி, அப்பால கொழந்தைக்கு எதுனா ஆயிட்டா?" என்றாள். இருந்தாலும் பயம், போனாலும் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் விசிறிக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அன்றைக்கு நிறையப் பேசினேன். பிள்ளை செத்தால் ஆத்தாவா வந்து தூக்குவாள் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து எட்டி நின்றார்கள், யாரும் உள்ளே வரவில்லை, யாரும் என் பக்கம் பேசவும் இல்லை. தோற்றுப்போய்ப் பெட்டியைத் தூக்கினேன். அப்போதுதான் சின்னவள் ஏதோ முனகினாள். அம்மா பதறி ஓடி, கைகட்டி நின்று, "இன்னா வோணும் தாயே, எளநி குடுக்கவா?" என்று கேட்டாள். பெற்ற மகளிடம் அப்படிக் கேட்டாள்.

எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எனக்கும் அம்மை போட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் மாதா படம், மாதாவுக்கு முன்னால் மெழுகுவத்தி, வாசலில் வேப்பிலை. ஃபாதர் வந்தால் கண்ணில் படக் கூடாது என்று வேப்பிலையைக் கதவுக்கு உள்பக்கமாகக் கட்டினாள் என் அம்மா. தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது. அம்மை போட்டவளை எதிர்த்துப் பேசக் கூடாது, அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கேட்பது அவள் இல்லை. இதெல்லாம் எங்களுக்கும் உண்டு. இது தெரிந்ததும் நான் விட்டேனா? பால் ஐஸ் கேட்டேன், அப்பா ஓடினார். அண்ணன் என் காலைப் பிடித்துவிட வேண்டும் என்றேன், அந்தத் தடியன் உட்கார்ந்து பிடித்துவிட்டான். காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றினேன். வாசலில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டேன். எனக்கு அம்மை வந்து போனதால் பயமில்லை. உள்ளே போய், அந்தப் பெண்ணின் காலடியில் முட்டி போட்டேன். கும்பிட்டேன்.

"ஆத்தா, இந்த வூட்டுல ஒரு வயித்துப்புள்ளக்காரி கீறா. அவள நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். நீ உத்தரவு குடு."

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். இமையிலும் கொப்புளம் இருந்ததால் பாதிதான் திறந்தது. அவளுக்கு என்னைத் தெரியும், பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுக்க வருகிறவள் என்று. என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்காவின் வயிற்றைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் நாங்கள் போட்ட சண்டை முழுவதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

"அக்காவ அனுப்பு" என்றாள். தொண்டையிலும் புண். சொல் கரகரவென்று வேறு யாருடைய குரலோ போல வந்தது.

அம்மாவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. "உத்தரவு தாயே, உத்தரவு" என்று தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தவள் தானே ஓடிப் போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். மறைக்க என்ன இருக்கிறது? ஆட்டோவில் அவளைச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு, கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து போகும்போது, ஜெயித்துவிட்டோம் என்று மனசுக்குள் துள்ளினேன். ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை என்று வந்தது. டாக்டரம்மா எங்கெங்கோ பேசி அந்த மருந்தை வரவழைத்தார். தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அம்மை வரவில்லை. பாக்கி இருந்த ஊசியையும் பிறகு போட்டேன். நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது, பெண் குழந்தை, நல்ல எடை, கத்தல் தெருமுனை வரை கேட்கும். இன்றைக்கு அதே வாசலில் நின்றாலும் அதையேதான் செய்வேன்.

சின்னவளைத்தான் அம்மை படுத்தி எடுத்துவிட்டது. தண்ணீர் ஊற்றி எழுந்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் பள்ளம் விழுந்திருந்தது. ஆத்தா விட்டுப்போன அடையாளம் என்று அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள், குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிடும் மகராசி சுகாதார மையத்துக்குத் தானாக நடந்து வந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, "போடு நர்ஸம்மா" என்றாள். சூரியன் மேற்கே உதித்துவிட்டதா என்று கேட்டேன்.

"ஆத்தா போட்டுக்க சொல்லிச்சு" என்றாள்.

"எந்த ஆத்தா?"

"அதான், அவங்க வூட்டு சின்னது. அக்காவ காப்பாத்துன ஆத்தா. இன்னும் அது மேலதான் கீதாம்."

முதலில் சிரித்தேன். அடுத்தடுத்து நாலைந்து பேர் அதையே சொல்லிக்கொண்டு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புக் கும்பல். உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். நெற்றிப் பள்ளங்கள் மறைய மஞ்சள் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. எதிரே எலுமிச்சம்பழமும் பூவும். காசு வாங்குவதில்லை, அந்த விஷயத்தில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மாவைச் சந்துக்குக் கூட்டிப் போனேன்.

"இன்னா கூத்து இது? அன்னிக்கி பேசுனது ஆத்தா இல்ல, உன் பொண்ணு. நான் கேட்டேன், அவ சொன்னா. அவ்ளோதான்."

அம்மா கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

"உன்ன கேக்க வெச்சது யாரு நர்ஸம்மா? நீ வேதக்காரி. வாசல்ல நின்னுகினு ஆத்தாவ திட்டிகினு இருந்த. திடீர்னு செருப்ப அவுத்துட்டு, கால கழுவிகினு வந்து முட்டி போட்டு கும்புட்ட. அது நீயாவா செஞ்ச?"

நான் திரும்பி வாசலில் கிடந்த செருப்புக் கும்பலைப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நீ வருஷக்கணக்கா கத்துன. ஒருத்தி கேட்டாளா? இவ சொன்னா கேக்குறாங்க. எல்லா வூட்டுப் புள்ளைங்களும் நல்லா கீது. உனக்கு இன்னா கஷ்டம்?"

"அது ஸ்கூலுக்குப் போவ வேணாமா?"

"ரெண்டு நாளுதான. மத்த நாளு போவுது இல்ல."

திரும்பி வரும்போது எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் மேலேயே வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாராவது வந்து அந்த வீட்டில் சத்தம் போடுவார்கள், ஆத்தாவை அவமதித்துவிட்டார்கள் என்று தெருவே கதவைச் சாத்தும். அப்புறம் எந்தக் கர்ப்பிணியும் என் பக்கம் திரும்ப மாட்டாள். ஊசி போடாத ஒருத்திக்கு ரணஜன்னி வந்து நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் வெள்ளிக்கிழமைக்காக அதற்கு வழி விடுவதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். அக்கா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சின்னவளும் கூட வந்தாள். பள்ளி விடுமுறை. அக்கா எடை பார்க்கப் போன நேரத்தில் என் மேஜை ஓரமாக வந்து நின்றாள்.

"ஆத்தா எப்ப போவும் நர்ஸம்மா?"

"தண்ணி ஊத்துனப்பவே போயிடுச்சே."

"எங்கம்மா போவலன்னு சொல்லுது." கொஞ்ச நேரம் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "சயின்ஸ் டெஸ்ட்டு வெள்ளிக்கெழமதான் வெக்கிறாங்க. டீச்சரு எழுந்து நிக்க வெச்சி கேக்குறாங்க."

"அன்னிக்கி பேசுனது நீதான்னு அம்மாகிட்ட சொல்லிடேன்."

"சொன்னா அக்காவ திட்டுவாங்க. பொய் சொல்லி வெளிய போயிட்டான்னு. பாப்பாவுக்கு எது வந்தாலும் அத்தொட்டுதான்னு சொல்லுவாங்க." தூரத்தில் எடை பார்க்கும் தொட்டியில் குழந்தை கை காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "பேசுனது நான்தான்னு ஆத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவள் விரல் கன்னத்துப் பள்ளத்தில் இருந்தது.

தெரிந்தாலும் கோவித்துக்கொள்ள மாட்டாள், நல்லதுக்குத்தானே சொன்னாய் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த தடவை யார் கேட்டாலும் ஒன்றும் சொல்லாமல் ஸ்கூலுக்குப் போ, வருவது வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

அந்த வார்த்தையை நான் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்த மீட்டிங்கும் கைதட்டலும்.

மீட்டிங் முடிந்த சில நாட்களில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அதே தெருவில் புதிதாக வந்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். வியாசர்பாடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், அதுவரை தாய் வீட்டிலேயே இருந்தவள், தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம் ஆகியும் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. என்னை மரியாதையாகத்தான் வரவேற்றாள்.

"ஆத்தா சொன்னா போட்டுக்குறேன் நர்ஸம்மா. எங்க மாமியாரு அப்டித்தான் சொல்லிகீது."

"ஆத்தா ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன்.

"பரவால்ல. நாலு மணிக்கி வுட்டுடுவாங்க இல்ல, இப்டித்தான் போவும். கொஞ்ச நேரம் குந்து" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் டீ கொடுத்தாள், குடித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். சின்னவளும் ஒரு தோழியும் ஒரு மாங்காய்ப் பத்தையை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். சீருடை, இரட்டைச் சடை, தோளில் பை. டீ கொடுத்தவள் தெருவில் இறங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவளுக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். தோழி சட்டென்று இரண்டடி தள்ளிப் போய்விட்டாள். மாங்காய் அவள் கையோடு போனது.

"ஆத்தா, எனக்கு அஞ்சாம் மாசம். இந்த ஊசி போட்டுக்கலாமா?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள்.

"நான் ஆத்தா இல்லக்கா. அன்னிக்கி எங்கக்கா போவணும்னு நானாதான் சொன்னேன். எம் மேல யாரும் வர்ல. நர்ஸம்மாவ கேட்டுக்க, அதுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவைத் திட்டுவார்கள் என்று அவ்வளவு பயந்த பிள்ளை, தெரு நடுவில் நின்று சொல்லிவிட்டது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கர்ப்பிணிப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடக்கமா பேசுது பாரு தாயி" என்றாள். குனிய முடியாமல் குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நர்ஸம்மாவ கேட்டுக்கன்னு உத்தரவு ஆயிடிச்சி. போடு நர்ஸம்மா."

ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நான் பெட்டியைத் திறந்தேன். மருந்தை எடுத்தேன். போட்டேன். வலிக்கவேயில்லை என்று சொல்லிக்கொண்டு, மாமியாரிடம் சொல்ல உள்ளே ஓடினாள்.

தெருவில் நாங்கள் இரண்டு பேர்தான். தோழி மூலை திரும்பிப் போய்விட்டாள். சின்னவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நம்ப மாட்டேங்குறாங்க நர்ஸம்மா."

"ம்."

"நாளைக்கி வெள்ளிக்கெழம."

இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஸ்கூலுக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த தெருவில் புதிதாக முழுகாமல் இருந்த இரண்டு பேர் பாக்கி இருந்தார்கள், இரண்டு பேரும் நாளைக்கு அவளிடம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"யாராச்சும் வந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள்.

"போட்டுக்கச் சொல்லு" என்றேன்.